இரண்டாம் கியரில் கேட்க வேண்டிய சத்தம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான பணியக்கணக்கில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, போன வருடம் தீபாவளிக்கு முந்திய கிழமை என் மோட்டார் சைக்கிளை உற்றுப் பார்த்து, "கணக்கப்பிள்ளை ஐயா, உங்கள் வண்டிக்கு என்ன இருமலா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒரு மாதமாகவே சைலன்சர் கரகரத்துக்கொண்டிருந்திருக்கிறது. தினமும் கேட்கிற காதுக்கு அது பழகிப்போய்விட்டது.

என்னுடையது 2012ஆம் ஆண்டுப் பல்சர் 150. 2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பழைய வண்டிகளின் விலை மரத்தில் ஏறியபோது, விற்றுவிட்டுப் புதிது வாங்கும் எண்ணத்தை மூட்டை கட்டி வைத்தேன். 2025இல் இறக்குமதி மறுபடி தொடங்கியது. புதிய வண்டியின் விலையை விசாரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பழைய வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்தேன்.

வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளைக்குக் காலை ஆறு மணிக்கு, ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களம். பிறகு கொழுந்து பறிக்கிற ஒவ்வொரு மலையாகச் சுற்ற வேண்டும். மத்தியானமும் மாலையும் மடுவம் என்கிற கொட்டகையில் கொழுந்து நிறுவை. தோட்டத்துப் பாதையில் ஒரு நாளைக்கு முப்பது கிலோமீற்றர் ஓடுவேன். அதில் குறைந்தது இருபத்தைந்து கிலோமீற்றர் முதலாம், இரண்டாம் கியரில்தான் இருக்கும். சைலன்சர் விற்கிறவர்களில் பெரும்பாலானோர் இதைக் கேட்பதே இல்லை. நான் பட்ட பாடு முழுவதும் அங்கிருந்துதான் தொடங்கியது.

முதலில் பழைய சைலன்சர் எப்படிச் செத்தது என்று சொல்லிவிடுகிறேன். அடிப்பக்கத்தை ஸ்குரூ டிரைவரால் மெல்லக் குத்தினேன். பப்படம்போல நொறுங்கி உள்ளே போனது. மேலே இருந்த கறுப்புப் பெயின்ட் அப்படியே பளபளவென்று இருந்தது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகி புகையோடு வெளியேறுகிறது. விடாமல் நெடுந்தூரம் ஓடுகிற வண்டியில் குழாய் சூடேறி அந்த ஆவி முழுவதும் வெளியே போய்விடும். நம் குளிரில், அரை மைல் ஓடி அணைத்து, கொழுந்தைப் பார்த்துவிட்டு மறுபடி அரை மைல் ஓடி அணைக்கிற வண்டியில் அது உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகத் தேங்குகிறது. மலைநாட்டில் சைலன்சர் உள்ளேயிருந்துதான் சாகிறது. வெளியே பெயின்ட் அடிப்பது பிணத்துக்குப் பவுடர் பூசுகிற வேலை.

முகவரிடம் அசல் சைலன்சரின் விலை கேட்டேன். ரூபா 32,000. அதுவும் பணம் கட்டிவிட்டு மூன்று கிழமை காத்திருக்க வேண்டும். மகளுக்கு சாதாரண தரப் பரீட்சை, டியூஷன் பணம், தீபாவளி முற்பணத்தில் பாதி ஏற்கெனவே கடைக்குப் போயிருந்தது. அந்த நிலையில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். கீழ்நாட்டுப் பக்கம் ஒரு நகரத்தில், ஊர் பெயர் வேண்டாம், ஒரு கடையில் ரூபா 14,500க்கு ஒரு சைலன்சர் வாங்கினேன். பந்தய வண்டிகளுக்குச் செய்கிற வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் பெயர் அதில் ஒட்டியிருந்தது. முதல் மழையிலேயே அந்தப் பெயரின் பாதி எழுத்துகள் உரிந்துவிட்டன. நகல் என்று எனக்கு அப்போதே தெரியும், தெரிந்துதான் வாங்கினேன்.

கடைப் பையன் அதைப் பூட்டி, வண்டியை நிறுத்தியபடியே ஸ்டார்ட் செய்து, மூன்று முறை முறுக்கிக் காட்டினான். தீயில் காய்ச்சி எடுத்த தப்பு மேளத்தில் விழுகிற முதல் அடி எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அடிவயிறு ஒரு முறை அதிர்ந்தது. பக்கத்துக் கடையில் தேங்காய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நாற்பத்தாறு வயது. அந்த மூன்று நிமிடங்களுக்கு இருபத்திரண்டு.

அந்த இருபத்திரண்டு வயது இன்னொரு முறையும் வந்தது, மறைக்கமாட்டேன். புசல்லாவையில் மாமனார் வீட்டுக்கு நுவரெலியா வழியாகப் போனபோது, இறம்பொடைச் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தவுடன் கை தானாக முறுக்கியது. சுவர் முழுவதும் சத்தம் உருண்டோடியது. வெளியே வந்ததும் பின்னாலிருந்து மனைவி என் தோளைத் தட்டி, "இப்போது திருப்தியா? வீடு வரும்வரை இனி அமைதியாக வாருங்கள்" என்றாள். அமைதியாக வர அந்தச் சைலன்சரில் வழியே இல்லை என்பதுதான் சிக்கல்.

நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்கிறேன். கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையில், சென் கிளேயர் நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி வருகிற காபட் போட்ட தார்ப் பாதையில் மூன்றாம், நான்காம் கியரில் அது அருமையான சைலன்சர். இன்ஜின் சுற்று ஏற ஏற வண்டி மூச்சு விட்டுப் பாய்ந்தது. வாரம் ஒரு முறை அந்தப் பாதையில் போகிறேன். மற்ற ஆறு நாளும் தோட்டத்துக்குள்.

தோட்டத்துக்குள் என்ன நடந்தது? இரண்டாம் கியரில், நிமிடத்துக்கு 4,000 முதல் 5,000 சுற்றுக்குள் ஏறும்போது ஒரு முழக்கம் எழும்பியது. ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு. 4,500 சுற்றில் நிமிடத்துக்கு 2,250 வெடிப்புகள். நொடிக்கு முப்பத்தேழு, முப்பத்தெட்டு. இந்தத் தொனியைக் காது கேட்பதைவிட நெஞ்சுக்கூடு அதிகம் கேட்கிறது. ஹெல்மெட் உச்சத்தொனியைக் கொஞ்சம் குறைக்கும். இந்த அடித்தொனி அதை ஊடுருவி வந்துவிடும். கீழே நெடுஞ்சாலையில் எண்பது, தொண்ணூறு கிலோமீற்றர் வேகத்தில் போகிறவனுக்குக் காற்றின் இரைச்சலே சைலன்சரை மூடிவிடுகிறது. எங்களுக்கோ இருபது, இருபத்தைந்து வேகம். காற்றே இல்லை. ஒரு பக்கம் வெட்டிய மண்சுவர் நின்று, நாம் எழுப்புகிற சத்தத்தை நம் காதுக்கே திருப்பி அனுப்புகிறது. கடையில் சும்மா நிற்கும்போதும் உச்சியில் முறுக்கும்போதும் கேட்டுவிட்டு வாங்கினேன். நான் நாள் முழுவதும் ஓட்டுகிற இடைச் சுற்றில் அதை ஒரு நொடிகூடக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை மடுவத்தில் நிறுவை எழுதும்போது, அம்மாக்கள் சொல்கிற எடையை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. காதுக்குள் ஒரு வண்டு. மருமகன் கைபேசியில் சத்தம் அளக்கும் செயலி வைத்திருந்தான். என் தோளருகே பிடித்துக்கொண்டு அதே ஏற்றத்தில் பின்னால் உட்கார்ந்து வந்தான்: 95 டெசிபல். மேல்கணக்குக் கணக்கப்பிள்ளையிடம் இதே வண்டி, புது அசல் சைலன்சரோடு இருக்கிறது; அதில் 82. கைபேசி சொல்லும் எண் மடுவத்துத் தராசு சொல்வதுபோல் ஆகாது. இரண்டை ஒப்பிட மட்டும் போதும். ஆனால் அந்த வித்தியாசம் சின்னதல்ல. 10 டெசிபல் கூடினால் சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகக் கேட்கும். வேலைத்தல இரைச்சலுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வைத்திருக்கும் கணக்குப்படி 85 டெசிபலில் எட்டு மணிநேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணிநேரம்தான். நான் அதைக் காலை தேநீர் நேரத்துக்கு முன்பே தாண்டிவிடுகிறேன்.

என் காது என் பாடு. மற்றவர்களின் கதை வேறு. பெரட்டுக்குப் போகும்போது ஐந்தரை மணிக்கு ஒரு லயத்தின் வாசலைக் கடந்தாக வேண்டும். கடைசிக் காம்பரா வீட்டில் மூன்று மாதக் குழந்தை. அதன் தாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வரும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினாள். திட்டியிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது.

எட்டாம் நம்பர் மலையில் நேராகவே சொன்னார்கள். "ஐயா, அந்த மரத்தில் குளவிக்கூடு இருக்கிறது. இந்த வண்டியை இங்கே முறுக்காதீர்கள். உங்களுக்கு என்ன, நீங்கள் ஓடிவிடுவீர்கள். நாங்கள் கூடையோடு எங்கே ஓடுவது?" என்று ஓர் அக்கா கேட்டார். குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போனவர்களை எல்லாத் தோட்டத்துக்கும் தெரியும். சத்தத்துக்குக் குளவி கலைகிறதா அதிர்வுக்குக் கலைகிறதா என்று அங்கே நின்று வாதாடவா முடியும்? இன்ஜினை அணைத்துவிட்டு, 144 கிலோ வண்டியை அந்த மரம் தாண்டும்வரை ஏற்றத்தில் தள்ளினேன். ஏழு கிழமை தினமும் தள்ளினேன்.

இழுவை குறைந்ததுதான் எனக்குப் புரியாத புதிராக இருந்தது. சத்தம் கூடினால் வேகம் கூடவேண்டும் என்று நானும் நம்பியிருந்தேன். கொண்டை ஊசி வளைவில், பின்னால் உரமூட்டை இருக்கும்போது வண்டி திக்கித் திணறி இரண்டு முறை அணைந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. பல்சரில் இன்ஜினிலிருந்து இறங்குகிற குழாயில் ஒரு சின்ன அறை தொங்கும். பஜாஜ் கம்பனி அதற்கு எக்ஸாஸ்டெக் என்று பெயர் வைத்திருக்கிறது. குறைந்த சுற்றில் இழுவை கூட்டுவதற்காகவே அது இருக்கிறது. கடைக்காரன் அந்தக் குழாயையும் கழற்றி வைத்துவிட்டு, அறை இல்லாத நேர்க்குழாயைப் பூட்டி அனுப்பியிருந்தான். நல்ல வேளை, பழைய குழாயைச் சாக்கில் சுற்றி என்னிடமே கொடுத்திருந்தான்.

"புகைக்குப் பின்னழுத்தம் வேண்டும், அது இல்லாததால்தான் இழுவை போனது" என்று கராஜுக்குக் கராஜ் சொல்வார்கள். அடைப்பினால் எந்த இன்ஜினுக்கும் நன்மையில்லை. ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தமும் ஓர் அலையாகக் குழாயில் ஓடி, குழாய் அகலும் இடத்தில் பட்டு, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. அது வால்வு மூடுவதற்குச் சற்று முன் வந்து சேர்ந்தால் மிச்சப் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். எந்தச் சுற்றில் சரியாக வந்து சேரும் என்பது குழாயின் நீளத்தையும் அகலத்தையும் அந்த அறையையும் பொறுத்தது. பந்தயத்துக்கென்று செய்த குழாய் உச்சிச் சுற்றுக்குக் கணக்குப் பார்த்தது. நான் கொழுந்து மலைக்கு ஏறுகிறவன்.

இறக்கத்தில் வேறு கூத்து. நானுஓயாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு கியரில் இழுத்துக்கொண்டு வருவோம் அல்லவா, அந்த நேரம் முழுவதும் பட், பட், படார். ஒரு வளைவில், புல்லுக்கட்டுச் சுமந்து வந்த பெரியவர் கட்டைப் போட்டுவிட்டுப் பாதையோர வடிகாலான கானுக்குள் இறங்கி நின்றார். வண்டியை நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். கட்டைத் தூக்கித் தலையில் வைத்தும் கொடுத்தேன். இன்ஜின் வாயில் குழாய் சேருகிற இடத்தில் பழைய செம்பு வளையத்தையே போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே இழுபட்டு, எரியாமல் வந்த பெற்றோல் ஆவி சூட்டுக் குழாயில் வெடித்துக்கொண்டிருந்தது. முந்நூறு ரூபாய் வளையம். கீழ்நாட்டுக் கடையில் இதற்கு மருந்தாக, கார்புரேட்டரில் பெற்றோல் வருகிற துளையான "ஜெட்டைப் பெரிதாக்குவோம்" என்றார்கள். நல்ல வேளை சம்மதிக்கவில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம்; அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்த இடத்தில் பெற்றோல் கலவை ஏற்கெனவே கெட்டியாகத்தான் இருக்கும். கீழே நின்று பார்த்து ஜெட் மாற்றினால் மேலே வந்ததும் கறுப்புப் புகைதான். வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் மாட்டிக்கொண்டிருப்பேன்.

சூட்டுக் கவசம் இல்லாததால் மனைவியின் மழைக்கோட்டு ஓரம் உருகிக் குழாயில் ஒட்டியது. அந்த நாற்றம் போக இரண்டு கிழமை எடுத்தது. ஒரு சந்தியில் போக்குவரத்துப் பொலிஸார் மறித்து, முறுக்கிக் காட்டச் சொல்லி, ஒரு கிழமைக்குள் கழற்றச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கழற்றியதும் மடுவத்துத் தராசில் போட்டுப் பார்த்தேன்: நகல் 1.9 கிலோ, பழைய அசல் துருவோடு சேர்த்து 4.8 கிலோ. மூன்று கிலோ மிச்சம் என்று பெருமையாக மனைவியிடம் சொன்னேன். "இரவில் இரண்டு ரொட்டியைக் குறைத்திருந்தால் பதினாலாயிரமும் மிஞ்சியிருக்கும்" என்றாள்.

இடையில் மேல்கணக்குக்காரரின் வண்டியை ஒரு கிழமை இரவல் வாங்கி ஓட்டினேன். அசல் அசல்தான். ஏற்றத்தில் இழுவை குறையவில்லை, முழக்கம் இல்லை, காலில் சூடு இல்லை. பணமும் மூன்று கிழமைப் பொறுமையும் இருக்கிறவர்கள் இதற்கு மேல் இந்தக் கட்டுரையைப் படிக்கவேண்டாம். போய் அதை வாங்கிவிடுங்கள். எனக்கு இரண்டும் இல்லை. தையல் மெஷின்போல ஓடுகிறதே, உயிரே இல்லையே என்ற ஒரு சின்ன ஏக்கமும் இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்படித்தான் ஹட்டனில் வண்டி திருத்துகிற ஒரு பாஸிடம் போனேன். பெயர்ப்பலகை இல்லாத, ஒரு லொறி நுழைந்தால் கதவு மூடாத கராஜ். பாஸுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இளமையில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகங்களோடு வாழ்ந்தவர். முப்பது வருடம் கிரைண்டர் பிடித்ததில் வலது காது போய்விட்டது; பேசுகிறவர்களுக்கு இடது பக்கத்தைத் திருப்பிக் கொடுப்பார்.

நான் நகலையும் துருப்பிடித்த அசலையும் அவர் முன்னால் வைத்தேன். நகலைத் தூக்கி ஒரு முறை குலுக்கினார். உள்ளே ஏதோ சரசரத்தது. வாலைக் கழற்றிக் கவிழ்த்தார்; ஈரமான கண்ணாடிப் பஞ்சு, பூனை கக்கிய ரோமம்போல உருண்டையாக விழுந்தது. ஓட்டை போட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருப்பதுதான் அந்த வகைச் சைலன்சரில் சத்தம் குடிக்கிற ஒரே பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து, சூட்டில் வெந்து, ஓட்டை வழியாகப் புகையோடு பாதி பறந்துபோயிருந்தது. வாங்கியபோது தப்பு மேளமாக ஒலித்தது கடைசியில் தகரமாகிப்போனதன் காரணம் அதுதான்.

பிறகு அசலைக் குறட்டில் இறுக்கி, கிரைண்டரால் நீளவாக்கில் அறுத்துத் திறந்தார். பதின்மூன்று வருடம் என் காலுக்குக் கீழே இருந்த பொருளின் உள்ளே நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. லயத்துக் காம்பராக்கள்போல மூன்று அறைகள். நடுவில் தகட்டுச் சுவர்கள். ஒரு குழாய் முதல் அறையைத் தாண்டிப் போய்க் கடைசி அறையில் வாய் திறக்கிறது. அங்கிருந்து இன்னொரு குழாய் பின்னோக்கி நடு அறைக்கு வருகிறது. அதிலிருந்து மூன்றாவது குழாய் வெளியே. புகை முன்னும் பின்னுமாக அலைந்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். சத்தம் அங்கங்கே மோதி ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. கடைசிச் சுவர் முழுவதும் அரித்துப் போயிருந்தது. பாஸ் பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை விரித்துத் துருவைக் கொட்டினார். தேநீர்த் தூசி போல ஒரு குவியல், இரண்டு கைப்பிடிக்குக் குறையாது. பாட்டி கேட்ட இருமல் அந்தத் தாளில் கிடந்தது.

"எந்தப் பாதை ஐயா? எந்தக் கியரில் அதிகம் போவீர்கள்?" என்று கேட்டார். ஐந்து கடை ஏறி இறங்கிய பிறகு அதைக் கேட்ட முதல் மனிதர் அவர்தான்.

அவருடைய யோசனை இது. அசலின் வெளிக்கூட்டை வைத்துக்கொண்டு அரித்த அடித்தகட்டுக்குப் புதுத் தகடு. முன்குழாய் கட்டாயம் எக்ஸாஸ்டெக் அறையோடு இருக்கிற பழைய குழாய். முதல் இரண்டு அறைகள் கம்பனி செய்ததுபோலவே. கடைசி அறையில் மட்டும் ஓட்டைக் குழாய் போட்டு, அதைச் சுற்றி முதலில் எஃகுப் பஞ்சு, அதற்கு மேல் கண்ணாடிப் பஞ்சு. எஃகுப் பஞ்சு நடுவில் நின்றால் கண்ணாடிப் பஞ்சு சீக்கிரம் பறக்காது. செம்பு வளையம் புதிது. கூலியும் பொருளும் சேர்த்து ரூபா 9,500. இரண்டு நாளில் தருவதாகச் சொன்னார்.

ஒன்பது நாள் ஆனது. முதல் குறை அது. இந்த பாஸின் நாட்காட்டியில் நாள் என்பது வேறு அளவு. ஒவ்வொரு முறை தொலைபேசியில் கேட்டபோதும் "வெல்டிங் முடிந்தது ஐயா, பெயின்ட் காய்கிறது" என்றார். ஹட்டன் மழையில் எந்தப் பெயின்ட் காயும்?

ஒன்பதாம் நாள் போனபோது வண்டியை என்னிடம் கொடுத்து அனுப்பிவிடவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தார். கராஜுக்குப் பின்னால் இருக்கிற செங்குத்தான ஒழுங்கையில் இரண்டாம் கியரில் ஏறச் சொன்னார். ஏறினேன். இடது காதை முன்னே நீட்டி, என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு வந்தார். "இங்கே" என்று தோளைத் தட்டினார். எனக்கும் கேட்டது, 4,800 அளவில் லேசாக அந்தப் பழைய முழக்கம். இறங்கி வந்ததும் வாலைத் திறந்து, கடைசிச் சுவரை வெட்டி எடுத்து, இரண்டு விரல் அகலம் முன்னே நகர்த்தி மறுபடி வெல்டிங் பிடித்தார். மறுபடி ஏறினோம். முழக்கம் மேலே போய்விட்டது. இப்போது 5,800க்கு மேல் போனால்தான் வருகிறது. அந்தச் சுற்றுக்குத் தோட்டத்தில் எனக்கு வேலை இல்லை. இதை எந்தச் சூத்திரத்தில் கணக்கிட்டார் என்று கேட்டேன். விரலைக் காட்டினார்.

அவரிடம் பிழை இல்லாமலும் இல்லை. அசல் சைலன்சரின் அடியில் தண்ணீர் சொட்டுவதற்கென்று ஒரு சிறு துளை இருக்கும். புதுத் தகடு போட்டவர் அதை மறந்துவிட்டார். காட்டினேன். சிரித்துக்கொண்டே துளையிட்டார், நான் பார்க்காமல் விட்டிருந்தால் இன்னும் இரண்டு வருடத்தில் இன்னொரு கைப்பிடித் துரு. வெல்டிங் கோடு புழு ஊர்ந்ததுபோல வெளியே தெரிகிறது. சூடு தாங்கும் பெயின்ட் என்றார்; பத்தாம் நாள் வால்பக்கம் உரிந்தது. பற்றுச்சீட்டு கிடையாது. உத்தரவாதம் என்ன என்று கேட்டதற்கு, "நான் இங்கேதான் இருப்பேன்" என்றார்.

இப்போது ஆறு மாதம் ஆகிறது. மருமகனின் கைபேசியில் அதே ஏற்றத்தில் 85. அசலைவிடச் சற்று அடித்தொனி கூடுதல். எனக்கு அந்த அளவு பிடித்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் உரமூட்டையோடு அணையவில்லை. இறக்கத்தில் வெடிப்பு இல்லை. பெற்றோலிலும் வித்தியாசம் தெரிகிறது: நகலில் லீற்றருக்கு 38 கிலோமீற்றர், இப்போது 44. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு லீற்றரையும் கொப்பியில் எழுதுகிற பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. அதனால் இந்தக் கணக்கை நம்பலாம். மனைவி பின்னால் உட்கார்ந்து புசல்லாவைவரை வந்தாள். இறம்பொடைச் சுரங்கத்துக்குள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். முறுக்கவில்லை.

சைலன்சர் வாங்கப் போகிறவர்களுக்கு: நிறுத்தி வைத்த வண்டியில் முறுக்கிக் காட்டினால் ரசித்துவிட்டு, "ஒரு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் பத்து நிமிடம் ஓட்டித் தாருங்கள்" என்று கேளுங்கள். மறுக்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பின்னால் ஏறுகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சூடும் அதிர்வும் அவருக்குத்தான் முதலில் தெரியும். கழற்றிய அசலை, அந்த அறையோடு இருக்கிற குழாயை, கடையில் விட்டுவிட்டு வரவே வேண்டாம். பஞ்சு அடைத்த சைலன்சர் என்றால் வருடத்துக்கு ஒரு முறை திறந்து பஞ்சு மாற்றுகிற செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். கீழ்நாட்டுக்காரருக்கு இரண்டு வருடம் வருகிற பஞ்சு வட்டவளை மழையில் அத்தனை நாள் வராது. தினமும் நுவரெலியாவிலிருந்து கண்டிக்குக் காபட் பாதையிலேயே போய் வருகிறவராக இருந்தால் என் பேச்சை அப்படியே எடுக்கவேண்டாம். உங்கள் சுற்று வேறு, உங்கள் முழக்கம் வேறு இடத்தில் இருக்கும்.

ஹட்டன் பாஸிடம் போகலாமா என்றால், போகலாம். வண்டியைக் கொடுத்துவிட்டு இரண்டு நாளில் எடுக்கலாம் என்று நினைக்காமல் போங்கள். இரவல் வண்டி ஒன்றை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொட்டுத் துளையைக் குனிந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடைசிக் காம்பராத் தாய் இப்போது கதவைச் சாத்துவதில்லை. குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. போன கிழமை எட்டாம் நம்பர் மலையில்தான் புதுப் புகார் வந்தது. குளவிக்கூட்டைப் பற்றிச் சொன்ன அதே அக்கா. "முன்பெல்லாம் ஐயா ஆறாம் நம்பரில் வரும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். இப்போது பூனை மாதிரி வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். ஒரு வாய் வெற்றிலை போடக்கூட முடியவில்லை." எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அந்த வளைவுக்கு முன்னால், மரத்துக்கு நன்றாகக் கீழேயே, இரண்டு முறை ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.